வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்!

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் ஜன்னல் வைக்க இடம் ஏது? மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசலை விட்டால் வெளிச்சம் வர ஒரே வழி கூரைதான். அதனால்தான் தகரக் கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடியோ ஃபைபர் தகடோ போட்டிருப்பார்கள். பிள்ளைகள் பாடம் படிப்பதும், பெண்கள் தையல் மெஷின் மிதிப்பதும் அந்த வெளிச்சத்தில்தான்.

மே மாதம் வந்தால் அதே கண்ணாடி எமனாகிவிடுகிறது. மும்பையில் மே மாத நடுவில், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். சுவர் ஜன்னலில் அப்போது வெயில் விழாது. கூரைக் கண்ணாடியில் முழுதாக விழும். இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் எங்கள் ரெயில்வே தொழிலாளிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம் என்ன? சாக்கைப் போட்டு மூடிவிடுவது! வெயில் நிற்கும், வெளிச்சமும் போய்விடும். பிறகு பட்டப்பகலில் டியூப்லைட். பில் கட்டுவது யார்? வேறு சிலர் தெர்மாகோல் அட்டை ஒட்டுகிறார்கள். அது எளிதில் தீப்பிடிக்கும், கரும்புகை கக்கும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

வெளியே நிழல்

வெயிலை உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவதில் பலன் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுடவைக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். ஆகவே, தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். நர்சரித் தோட்டங்களில் கட்டும் பச்சை வலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதி வெயிலை மறைக்கும் ரகத்தை வாங்கி, கண்ணாடிக்கு அரை அடி உயரத்தில் இழுத்துக் கட்டினால், இடையே காற்றும் ஓடும், படிக்க வெளிச்சமும் கிடைக்கும். ஜூன் மாதம் மழைக்காற்று தொடங்குமுன் அவிழ்த்து வைத்துவிடலாம்.

உள்ளே இரண்டாவது தகடு

வலை வெயிலைத்தான் தடுக்கும். சுற்றியுள்ள தகரம் காய்ந்து, மேலே நிற்கும் அனல்காற்று கண்ணாடி வழியே இறங்குவதைத் தடுக்க இன்னொரு தகடு வேண்டும். அசையாத காற்றில் சூடு மிக மெதுவாகத்தான் கடக்கும். கண்ணாடிக்குக் கீழே அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இடைவெளி விட்டு, ஒரு பாலிகார்பனேட் தகட்டைப் பொருத்தினால், அப்படிக் கடக்கும் சூடு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஓரங்களில் ஃபோம் டேப் ஒட்டுவது அவசியம். காற்று உள்ளே புகுந்து ஓடினால் செலவழித்த காசு வீண்.

இதற்கு முன் ஒழுக்கை அடைத்தாக வேண்டும். பழைய புட்டி வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சிலிக்கான் பசை போடுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கினால் பாசி பிடித்துவிடும். கீழ்த் தகட்டை ஆணி அடித்து நிரந்தரமாக்காமல் திருகாணியில் மாட்டினால், கழற்றித் துடைக்கலாம்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. சூடான காற்று மேலேதான் போய் நிற்கும். சுவரின் உச்சியில் ஒரு செங்கல் அளவு திறப்பு விட்டு, கொசுவலை அடித்து வையுங்கள்.

உயிர் முக்கியம்

கூரைமேல் ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பழைய ஃபைபர் தகடு வெயிலில் நைந்து, அப்பளம் போல் உடையும். அதன்மேல் காலை வைத்து விழுந்தால் கை கால் முறிவது மட்டுமல்ல, உயிரே போகலாம். கூரைச் சட்டங்களின்மேல் நீளப் பலகை போட்டு, அதன்மேல்தான் நகர வேண்டும். சுற்றியுள்ளது ஆஸ்பெஸ்டாஸ் தகடானால் அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலைப் பாழாக்கும்.

வாடகை வீட்டுக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவருக்கு வீட்டுக்காரர் தகடு வாங்கித் தருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வலையும் திருகாணியில் மாட்டிய தகடும் உங்கள் சொத்து. காலி செய்யும்போது கட்டிலோடு, பாத்திரத்தோடு அவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.