மறதியும் மதிப்பெண்ணும்

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுமை எய்திய மூதாட்டி ஒருவரிடம் வாக்கியம் ஒன்று எழுதச் சொல்லி, அவர் எழுதவில்லையெனின், அது மூளைத் தளர்ச்சியைக் காட்டுமா, பள்ளி காணாமையைக் காட்டுமா? 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் முதலியோர் வகுத்த 30 புள்ளித் தேர்வில் இவ்வினா உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தலும் உண்டு. 24க்குக் குறைந்தால் ஐயுறுவது வழக்கம். 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தோட்டப் பள்ளிகளை வேண்டிற்று; எனினும் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நின்ற பெண்பிள்ளைகள் பலர்.

ஆகவே, புள்ளியியலார் எல்லார்க்கும் ஒரே கோடு கிழிப்பதில்லை. நோயற்ற முதியோர் பலரின் மதிப்பெண்ணை வயதுடனும் கல்வியுடனும் பொருத்தி, இன்னார்க்கு இவ்வளவு எதிர்பார்க்கலாம் எனக் கணிப்பர். எடுத்துக்காட்டாக, எழுத்தறியாதவர்க்கு 19 எதிர்பார்க்கப்படின், அவர் பெறும் 18 அச்சந்தருவதன்று. நன்கு படித்தவர் 29இலிருந்து 25க்கு இறங்கின், கோட்டுக்கு மேலிருந்தும் கவலைக்குரியவரே.

இதிலும் ஓர் இடர் உண்டு. கல்விக்குறைவே இந்நோய்க்கு ஓர் ஏது. அதன் விளைவை முற்றும் கழித்துவிட்டால் மெய்ந்நோயும் மறைந்துபோம். மலேசியாவின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, ஆப்பிரிக்காவில் கல்வி குறைந்தோர்க்கென அமைந்த தேர்வைக் கையாண்டு, அறுபது கடந்தோரில் 8.5 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருக்கக்கூடும் எனக் கண்டது. சென்னையிலும் வேலூரிலும் ஆய்ந்த 10/66 குழுவினரோ உற்றாரையும் வினவினர். உலை வைத்ததை மறந்தாரா, பழகிய வழியில் தடுமாறினாரா என்பதை மகள் அறிவாள்.