பட்டரின் எடை எங்கே இருக்கிறது?

2025 ஜூன் 15, அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானம். யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் நடுவே 64 அடி. இரண்டு தட்டில் முடித்தாலே கோப்பை ஜே.ஜே. ஸ்பானுக்கு. அவர் ஒரே தட்டில் முடித்தார். மழை ஈரம் காயாத புல்லில் பந்து வளைந்து உருண்டு குழிக்குள் விழுந்தது. நான்கு நாள் ஆட்டத்தைப் பாருக்கு (மைதானத்துக்கென வகுத்த தட்டுக் கணக்குக்கு) கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று அவர் கையில் இருந்த பட்டர் (கிரீன் எனப்படும் மழித்த புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) பழைய ஆட்டக்காரர் எவரையும் புருவம் உயர்த்த வைக்கும். தலை அகலமான உலோகக் கட்டி. ஓரத்தில் இருக்க வேண்டிய தண்டு அதன் நடுப்பகுதியில் இறங்குகிறது. கோல்ஃப் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். மற்ற 13 மட்டைகளும் ஏறக்குறைய ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். பட்டர் மட்டும் ஆயிரம் உருவம் எடுக்கிறது. தகடுபோல் மெலிந்த பிளேடு, பின்புறம் உடல் பெருத்த மாலட், கொம்பு முளைத்தவை, நடுவில் ஓட்டை விட்டவை என்று கடையில் வரிசையாக நிற்கும். வாங்கப் போகிறவர் திகைத்துப்போவது இயல்பு. ஆனால் அந்த உருவங்கள் எல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள்: எடையை எங்கே வைப்பது?

இது சின்ன விஷயம் இல்லை. பார் 72 என்று வகுத்த மைதானத்தில், ஒவ்வொரு குழிக்கும் கிரீன் மேல் இரண்டு தட்டு என்பது கணக்கு. 18 குழிக்கு 36. ஆட்டத்தில் பாதி இந்த ஒரே மட்டைக்கு உரியது. குழியின் விட்டமோ 4.25 அங்குலம்தான். சமதரையில் 10 அடி தூரத்திலிருந்து தட்டும்போது, பந்தின் மையம் குழியின் நடுவிலிருந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் விலகினால் போதும், பந்து வெளியே. கோணத்தில் சொன்னால் ஒரு டிகிரி. 20 அடி என்றால் அரை டிகிரி. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கை போன பாதை அல்ல, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. ஆகவே முகம் திரும்பாமல் இருக்க வேண்டும். பட்டர் வடிவமைப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒற்றைத் தேவையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அந்த வரலாற்றின் பெரிய மனிதர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா வந்து, செருப்புத் தைக்கும் தொழில் செய்து, பிறகு பொறியாளராகி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தவர். நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். மற்ற அடிகள் வசப்பட்டன, குழிக்குள் உருட்டுவது வசப்படவில்லை. தம் கையைக் குறை சொல்லாமல் மட்டையைக் கையில் எடுத்து ஆராய்ந்தார். அக்காலத்துப் பிளேடுகளில் எடை நடுவில் திரண்டோ நீளவாக்கில் சீராகப் பரவியோ இருந்தது. பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டால் தலை சட்டென்று முறுக்கிக்கொள்ளும்.

அவர் செய்தது, நடுவில் இருந்த உலோகத்தைக் குறைத்து இரண்டு முனைகளுக்கும் ஒதுக்கியது. தண்டை ஒட்டிய முனை ஹீல், எதிர்முனை டோ. நம் ஊரில் இரு முனையிலும் பாரம் கட்டிய காவடித் தண்டைத் தோளில் வைத்துச் சட்டெனத் திரும்ப முயன்றவருக்கு இதன் சூட்சுமம் புரியும். அதே பாரத்தை நடுவில் கட்டியிருந்தால் எளிதாகத் திரும்பிவிடலாம், முனைகளில் இருந்தால் தண்டு திரும்ப மறுக்கும். பாடப் புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுதான் இது. நிறை எவ்வளவு என்பதைவிட, சுழலும் அச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் திருப்பத்துக்கு எதிர்ப்பு நான்கு மடங்கு.

1959இல் கலிபோர்னியாவில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் சோல்ஹைம் செய்த முதல் பட்டர், பந்தைத் தொட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. அந்த ஒலியே நிறுவனத்தின் பெயராயிற்று. 1966இல் ஓர் இசைத்தட்டின் உறைமேல் அவர் கிறுக்கிய படம் ‘ஆன்சர்’ என்ற பட்டர் ஆனது. இன்று கடைகளில் நிற்கும் பிளேடுகளில் பெரும்பாலானவற்றில் அதன் சாயல் இருக்கிறது. டைகர் வுட்ஸ் வென்ற 15 மேஜர் (முதன்மைப் போட்டி) பட்டங்களில் 14, அதே மரபில் ஸ்காட்டி கேமரன் செய்த நியூபோர்ட் 2 மட்டையால் வந்தவை. இந்த விளையாட்டில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த வேறொரு வடிவத்தை நான் அறியேன்.

எவ்வளவு வித்தியாசம் உண்டாகும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 350 கிராம் எடையுள்ள இரண்டு பட்டர் தலைகள். ஒன்றின் நிலைமத் திருப்புத்திறன் 2,000, மற்றதற்கு 6,000 கிராம்-சதுர சென்டிமீட்டர். 46 கிராம் பந்து, நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதல் கணக்குப்படி, 30 அடி போக வேண்டிய பந்து முதல் மட்டையில் நாலடிக்கு மேல் குறைந்து நின்றுவிடும். இரண்டாவதில் ஒன்றரை அடிதான் குறையும். எடையைக் கூட்டவில்லை, தள்ளி வைத்தோம், அவ்வளவே. நாலடி தூரத்தில் அடுத்த தட்டு தவறக்கூடும். ஒன்றரை அடியில் தவறவிடுவது அரிது.

மாலட் எனப்படும் பெருத்த தலைகள் இதே தத்துவத்தைப் பின்புறமாகவும் நீட்டியவை. அவற்றின் கதை சோல்ஹைமுக்கு முந்தியது. நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில் ஆர்தர் நைட் என்பவர், அவரும் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலுமினியத் தலையின் நடுப்பக்கமாகத் தண்டை இறக்கி ஒரு பட்டர் செய்தார். 1904இல் வால்டர் டிராவிஸ் அதைக் கொண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்று கடல் கடந்து எடுத்துப் போனார். ஸ்காட்லாந்தில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1910இல் அவ்வகை மட்டைக்குத் தடை விதித்தது. 1950களின் தொடக்கத்தில்தான் தடை நீங்கியது. நல்ல இயற்பியல் நாற்பது ஆண்டு வாசலில் காத்திருந்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1986இல் ஜாக் நிக்லஸ் தம் 46 வயதில், பார்த்தவர்கள் வியந்த ஒரு பெரிய தலைப் பட்டரோடு மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபின், பெரிய தலைகளைப் பார்த்துச் சிரிப்பது குறைந்தது. விதி இப்போது விரிந்து கொடுக்கிறது: ஹீலிலிருந்து டோ வரை 7 அங்குலத்துக்கு மிகக் கூடாது, முன்பின் அளவு அந்த நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. எடை தண்டின் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகி நிற்கிறது? இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பட்டரின் தண்டைக் கிடையாக ஒரு விரல்மேல் நிறுத்திப் பாருங்கள். சில பட்டர்களில் டோ தரையை நோக்கித் தொங்கும். சிலவற்றில் முகம் வானத்தைப் பார்த்து நிற்கும். முதல் வகையில் நிறை மையம் தண்டுக்கு அப்பால் டோ பக்கம் இருக்கிறது. ஆகவே கை வீசும்போது முகம் பின்னே திறந்து முன்னே மூட முனையும். தோளைச் சுற்றி வளைந்து வீசுபவர்களுக்கு இது கூடவே ஒத்துழைக்கும் என்றும், நேர்கோட்டில் ஆட்டுபவர்களுக்கு வானம் பார்க்கும் வகை பொருந்தும் என்றும் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். தொடங்குவதற்கு நல்ல வழிகாட்டி, ஆனால் மாறாத விதி என்று கொள்ள மாட்டேன். மனிதக் கை எந்த மட்டையோடும் சமரசம் செய்து பழகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விரல்மேல் தண்டு கிடையாக இருக்கிறது, ஆடும்போதோ சாய்ந்து நிற்கிறது. வானம் பார்க்கும் பட்டரிலும் எடை தண்டின் கோட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் ஆடும் நிலையில் முறுக்கம் முற்றாக ஒழிவதில்லை. தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால் அது நேராகத் தலையின் நிறை மையத்தின் ஊடே போகும்படி அமைத்துவிட்டால்? ஈர்ப்பு விசைக்கோ கையின் முடுக்கத்துக்கோ பற்றித் திருப்ப நெம்புகோல் கிடைக்காது. திருப்பு விசை பூஜ்யம். ஸ்பான் கையில் இருந்தது இந்த வகை. எல்.ஏ.பி. நிறுவனத்தின் டி.எஃப்.3. இதில் என்னை வியக்க வைப்பது எளிமைதான். பள்ளி இயற்பியலில் உள்ள ஒரு வரி, அதை உலோகத்தில் வார்த்துப் பரவலாக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நீளமும் ஒரு வகைப் பிரிவுதான். வயிற்றில் ஊன்றிய நீள்பட்டரால் கீகன் பிராட்லி 2011இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். மற்றவர்களும் அதே வழியில் வென்றார்கள். 2016 ஜனவரி 1 முதல் மட்டையை உடலில் ஊன்றி ஆடக் கூடாது என்று விதி வந்தது. நீண்ட பட்டர் இன்றும் செல்லும், உடலில் படாமல் பிடிக்க வேண்டும்.

கண்ணையும் மறக்கக் கூடாது. 2001இல் ஒடிஸி நிறுவனம், தலையின் பின்னால் பந்தின் அளவிலேயே இரண்டு வெள்ளை வட்டங்களை வரிசையாக வைத்த பட்டரைக் கொண்டுவந்தது. பந்தோடு சேர்த்து மூன்று வட்டங்கள் ஒரே கோட்டில் தெரியும். குறி வைப்பதில் தடுமாறியவர்கள் பலருக்கு அது கைகொடுத்தது. ஒருவருக்கு நீளக் கோடு உதவும், இன்னொருவருக்கு அதே கோடு தொந்தரவு. இதைக் கணக்கால் சொல்ல முடியாது, நின்று பார்த்தால்தான் தெரியும்.

முகத்தின் சாய்வு பற்றிக் கொஞ்சம். பாபி ஜோன்ஸ் 1920களில் ஆடிய கலாமிட்டி ஜேன் என்ற பட்டரின் சாய்வு சுமார் 8 டிகிரி, இன்றைய பட்டர்களுக்கு 3 அல்லது 4. அன்று புல் உயரம், பந்தைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. சாய்வு எவ்வளவாக இருந்தாலும், தட்டிய பந்து முதலில் வழுக்கிப் போய்ப் பிறகே உருளத் தொடங்குகிறது. சுழற்சி இல்லாமல் புறப்பட்ட பந்து, முழுதாக உருளும்போது தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கோடுதான் போகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. கடைக்காரரிடம் கேட்டு, பட்டரின் முகத்தில் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசி, 20 அடி தூரத்திலிருந்து நிறையப் பந்துகளை உருட்டுங்கள். தடங்கள் முகமெங்கும் சிதறியிருந்தால் தயங்காமல் எடை முனைகளுக்குத் தள்ளிய பெரிய மாலட்டை எடுங்கள். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் பிளேடு உங்களுக்குப் போதும், விலை கூடியது வேண்டாம். தடங்கள் குவிந்தும் பந்து ஒரே பக்கமாக விலகுகிறது என்றால் முதலில் குறியைச் சரிபாருங்கள். அது சரியென்றால் முகம் திரும்புகிறது என்று பொருள், அப்போது தொங்கும் வகையை மாற்றியோ பூஜ்ய முறுக்க வகையை எடுத்தோ ஆடிப் பாருங்கள். சாம்பியன் எதை வைத்திருந்தார் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.