இடைவெளியே காவல்

மாட்டின் நாக்குக்குப் பிரித்தறியத் தெரியாது. புல்லோடு வரும் ஆணி, வேலிக் கம்பித் துண்டு எதுவானாலும் வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். விழுங்கிய இரும்பு, தேனடை போன்ற மடிப்புகள் கொண்ட இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கும். அதற்கு மிக அருகில்தான் இதயம். இரைப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் கம்பியின் முனை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, சுவரைத் துளைத்து, சில மாடுகளில் இதய உறை வரை போய்விடும். இதற்கு அமெரிக்கப் பால் பண்ணைகளில் பல காலமாக இருக்கும் வழி எளிமையானது. விரல் நீளமுள்ள வழவழப்பான காந்தம் ஒன்றை மாட்டின் வாய்வழியே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது அதே இரைப்பையில் ஆயுள் முழுக்கக் கிடந்து, வரும் ஆணியையும் கம்பியையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது, மாடு பிழைத்துக்கொள்கிறது. இப்போது இன்னொரு வயிற்றைப் பாருங்கள். பட்டாணியைவிடச் சின்னதாக, வெள்ளிபோல் மின்னும் காந்தக் குண்டு இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிடுகிறது. ஒன்று குடலின் ஒரு வளைவில் நிற்கிறது, மற்றது பக்கத்து வளைவில். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, நடுவில் மாட்டிய குடல் சுவர் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, திசு செத்து ஓட்டை விழுகிறது.

உயிரைக் காத்ததும் காந்தம், உயிருக்கு உலை வைத்ததும் காந்தம். இதைப் பலத்தின் கணக்கில் விளக்க முடியாது. மாட்டுக்குப் போடும் காந்தம் அந்தக் குண்டைவிடப் பல மடங்கு பெரியது. எது எதற்கு எவ்வளவு அருகில் வந்தது, நடுவில் என்ன மாட்டியது என்பதுதான் இங்கே முடிவு செய்கிறது. வலிமையான காந்தங்கள் நமக்குத் தரும் வியப்பு, விபத்து, பயன் மூன்றுக்கும் வேர் இந்த நெருக்கத்தின் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு சிறு காந்தங்களை, அவற்றின் அளவைவிட அதிகத் தொலைவில் எதிரெதிரே வைத்தால், தொலைவு பாதியாகும்போது இழுவிசை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, பதினாறு மடங்காகிறது. பத்து சென்டிமீட்டரில் 10 கிராம் எடையளவுக்கு இழுப்பவை, ஐந்து சென்டிமீட்டரில் 160 கிராம் அளவுக்கும், இரண்டரை சென்டிமீட்டரில் இரண்டரை கிலோ அளவுக்கும் இழுக்கும். நம் கை பழகிய உலகம் இப்படிப்பட்டது இல்லை. அரிசி மூட்டை இடுப்பளவு தூக்கினாலும் தோளுக்கு ஏற்றினாலும் அதே எடைதான். ரப்பரை இழுக்க இழுக்க விசை படிப்படியாகக் கூடும், கைக்கு எச்சரிக்கை கிடைக்கும். காந்தம் மட்டும் கடைசி இரண்டு விரற்கடை வரை சாதுவாக இருந்துவிட்டு, அதன்பின் கண் இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் கண்ட லாடக் காந்தத்தால் இவ்வளவு கெடுதல் வந்ததில்லை. இன்றைய நிலைமைக்குக் காரணம் நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. இதன் கதையிலும் இடைவெளிதான் நாயகன். ஜப்பானியப் பொறியாளர் மசாட்டோ சாகாவா 1978இல் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தார். இரும்போடு நியோடிமியம் போன்ற அருமண் உலோகத்தைச் சேர்த்தால் நல்ல காந்தம் ஏன் வருவதில்லை என்று அங்கே விளக்கினார்கள்: அதில் இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிக் கிடக்கின்றன. அப்படியானால் போரான் போன்ற சிறிய அணு ஒன்றை நடுவில் நுழைத்து அவற்றைச் சற்று விலக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வேலை பார்த்த நிறுவனத்தை விட்டு வேறொன்றில் சேர்ந்து, 1982இல் அந்தக் காந்தத்தைச் செய்தே காட்டினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் குரோட் வேறு வழியில் அதே கலவையை எட்டினார். இன்று ஹெட்போனிலும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரிலும் காற்றாலையிலும் இருப்பது இதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் மோனசைட்டிலும் நியோடிமியம் இருக்கிறது. தோரியமும் கூடவே இருப்பதால் அந்த மணல் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

தீப்பெட்டி அளவுள்ள இரண்டு நியோடிமியம் காந்தங்களைக் கையாள்பவரைக் கவனித்தால் இந்த விதி கண்ணுக்கே தெரியும். அவர் இரண்டையும் ஒரே மேசையில் வைப்பதில்லை. ஒட்டிக்கொண்டவற்றை நேராகப் பிடித்து இழுத்துப் பிரிப்பதும் இல்லை. மேசை விளிம்பில் ஒன்றை அழுத்தி, மற்றதைப் பக்கவாட்டில் சறுக்கி நகர்த்தி, விலகிய உடனே நடுவில் மரக்கட்டையைச் செருகுகிறார். கண்ணாடி அணிந்திருப்பார். ஏனென்றால் வெளியே உலோகப் பூச்சில் பளபளத்தாலும், உள்ளே இது பொடியை அழுத்திச் சுட்டெடுத்த பொருள். பீங்கானைப் போல உடையும். இரண்டும் தாமாகப் பாய்ந்து மோதினால் கூர்மையான சில்லுகள் தெறிக்கும். நடுவில் விரல் நுனி இருந்தால் எலும்பும் நொறுங்கும்.

இதையே ஓர் அறை அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான் எம்ஆர்ஐ ஸ்கேன். பூமியின் காந்தப்புலம் டெஸ்லா என்னும் அலகில் ஒன்றின் லட்சத்தில் சில பங்குதான். மருத்துவமனைகளில் பொதுவாக இருக்கும் ஸ்கேன் இயந்திரங்களின் புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் விளக்கை அணைத்தாலும், கணினியை மூடினாலும், நள்ளிரவில் யாருமே இல்லாவிட்டாலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. பக்கத்து அறைகளுக்குப் புலம் பரவாமலிருக்க, எதிர்த்திசைச் சுருள்களை வைத்து அதை இயந்திரத்தைச் சுற்றியே இறுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனால் வாசலில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாமல், குழாயின் வாயை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று அடிகளில் இழுவிசை செங்குத்தாக ஏறுகிறது. கையில் இரும்பு இருப்பவர் அதை உணரும்போது அது அவர் கையில் இருக்காது.

2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேனுக்குப் படுக்கவைத்த ஆறு வயதுச் சிறுவன் மீது ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து அவன் இறந்தான். 2014இல் நவி மும்பையில் இரண்டு ஊழியர்கள் சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே மாட்டி, சுமார் நான்கு மணி நேரம் தவித்தார்கள். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த இளைஞர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உயிரிழந்தார். இயந்திரம் அணைத்துத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள் என்பது உறவினர்களின் குற்றச்சாட்டு. 2025 ஜூலையில் மீண்டும் நியூயார்க் அருகே, மனைவியை எழுப்பிவிட உள்ளே போனவரைக் கழுத்தில் கிடந்த கனத்த இரும்புச் சங்கிலி இழுத்துச் சென்று கொன்றது. இவையெல்லாம் வெறும் கவனக்குறைவு, எச்சரிக்கைப் பலகையைப் படித்திருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மைதான். ஆனால் இந்த விபத்துகளில் சிக்கியவர்களில் அந்த வளாகத்திலேயே வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நெருப்பு சுடும் என்பதை நம் உடலே நமக்குச் சொல்லும். காந்தப்புலத்தை உணரும் புலன் நமக்கு இல்லை. புலன் கைவிடும் இடத்தில் பலகை போதாது. பூட்டிய கதவும், வாசலில் சோதித்து அனுப்பும் ஓர் ஆளும், அலுமினிய சிலிண்டரும் வேண்டும். தவறே செய்யாத மனிதரை எதிர்பார்த்துப் போடும் விதியை நான் பாதுகாப்பு விதி என்று ஏற்க மாட்டேன்.

இதைக் கேட்டதும், அப்படியானால் அந்தப் புலம் நம் உடலை என்னதான் செய்யாது என்ற பயம் எழுவது இயல்பு. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். அதே வாதத்தைத் திருப்பிப் போட்டுத்தான் காந்தக் காப்பும் காந்த மெத்தையும் விற்கிறார்கள்: ரத்த ஓட்டம் சீராகுமாம், மூட்டுவலி போகுமாம். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. ரத்தத்தின் இரும்பு, ஆணியின் இரும்பைப் போலத் திரண்டு கிடப்பதில்லை. ஹீமோகுளோபின் மூலக்கூறுக்குள் தனித்தனி அணுவாகச் சிறைப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதே இல்லை, மிக மிக லேசாகத் தள்ளுகிறது என்றும், ஆக்சிஜனை இழந்தபின் லேசாக இழுக்கப்படுகிறது என்றும் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936இலேயே காட்டிவிட்டார்கள். ஸ்கேன் குழாய்க்குள் ரத்தம் ஆணியைப் போல இழுபடாததற்குக் காரணம் இதுதான். அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு 1990இல் செய்ஜி ஒகாவா, மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறது என்பதை ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைக் கொண்டே படம் பிடிக்க வழி காட்டினார். பிரான்சில் சாக்லே நகரில் 132 டன் எடையுள்ள காந்தத்துக்குள், 11.7 டெஸ்லா புலத்தில், மனித மூளையின் படங்களை எடுத்து 2024இல் வெளியிட்டார்கள். இவ்வளவு வலுவான புலத்தில் தலையை அசைத்தால் தலைசுற்றல் வரலாம். உடலுக்குள் பேஸ்மேக்கரோ இரும்புத் துணுக்கோ இருப்பவருக்கு உண்மையான ஆபத்து உண்டு. மற்றபடி அச்சப்பட வேண்டியது அறைக்குள் வரும் இரும்பைப் பற்றித்தான்.

தள்ளும் அந்த லேசான குணத்தை வைத்து 1997இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வகத்தில் ஒரு தவளையையே மிதக்கவிட்டார்கள். அதில் ஒளித்துவைத்த கயிறு எதுவும் இல்லை. தவளையின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் காந்தம் சற்றே விலக்கும். புலம் 16 டெஸ்லா அளவுக்குப் போனபோது அந்த விலக்கல் ஒவ்வொரு அணுவின் எடையையும் தாங்கிக்கொண்டது. உயிருள்ள தவளை, குழாயின் நடுவே காற்றில் கால்களை விரித்தபடி மெல்லச் சுழன்றது. அதற்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும் ஒன்றின்மேல் ஒன்றை அசையாமல் மிதக்கவிட முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842இல் கணக்குப்போட்டுச் சொல்லியிருந்தார். தண்ணீரின் விலக்கும் குணம் அந்தத் தடைக்குள் அடங்குவதில்லை. இந்தச் சோதனையைச் செய்த ஆந்த்ரே கெய்ம் பின்னர் கிராஃபீன் ஆய்வுக்காக 2010இல் நோபல் பரிசு பெற்றார். எர்ன்ஷா போட்ட தடையைத் தாண்டும் இன்னொரு வழியை ஷாங்காய் விமான நிலைய ரயிலில் பார்க்கலாம். பெட்டிக்கும் பாதைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். அது குறைந்தால் மின்காந்தத்தின் ஓட்டத்தைக் குறைத்து, கூடினால் கூட்டி, மின்னணுக் கருவிகள் ஓயாமல் அதைக் காவல் காக்கின்றன. 2015இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 603 கிலோமீட்டர் தொட்ட ஜப்பானிய ரயில் வேறு முறையில் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அவ்வளவு வேகமும் அந்த இடைவெளியைக் காப்பதால் கிடைத்தது.

காந்தத்தைக் காப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதை 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே, அணுத்துகள்களை மோதவிடும் இயந்திரம் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் சுரங்கம் காட்டியது. இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரே ஒரு மின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. பொறி பறந்து, டன் கணக்கில் ஹீலியம் பீறிட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட ராட்சதக் காந்தங்கள் சேதமடைந்தன. இயந்திரம் மீண்டும் ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆள் சேதம் இல்லை. ஏனென்றால் காந்தங்களுக்கு மின்சாரம் ஏற்றும்போது சுரங்கத்தில் யாரையும் விடுவதில்லை.

இந்தக் கண்டிப்பை வீட்டுப் பொம்மைக்கும் கேட்பது சரியா என்பதுதான் கடைசியில் எழும் எதிர்ப்பு. ஐந்து மில்லிமீட்டர்க் குண்டுகள் 216 சேர்ந்த அந்தக் காந்த விளையாட்டுப் பெட்டி பெரியவர்களின் மேசைக்காகச் செய்தது. வடிவியல் கற்க உதவும். பெற்றோர் பொறுப்பாக இருந்தால் போதும், தடை எதற்கு என்கிறார்கள். இது அலட்சியமாகத் தள்ளிவிடும் வாதம் இல்லை, நல்ல பொருள்களைப் பயத்தினால் இழந்த சமூகம் எதையும் கற்காது. ஆனால் அமெரிக்காவில் இது சோதித்தே பார்க்கப்பட்டது. 2014இல் அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வலுவான சிறு குண்டுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2016இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் காந்தம் விழுங்கிய குழந்தைகள் பற்றி நச்சு ஆலோசனை மையங்களுக்கு வந்த அழைப்புகள் பல மடங்கு உயர்ந்தன. 2022இல் புதிய விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர்கள் திடீரெனப் பொறுப்பற்றவர்களாக மாறிவிடவில்லை. 216இல் இரண்டு குறைந்தால் யாருக்குத் தெரியும்? பெரிய காந்தம் பெரிய இயந்திரத்துக்குள் பூட்டிக் கிடக்கட்டும், ஒற்றைக் காந்தம் மாட்டு வயிற்றில் கிடக்கட்டும். விழுங்கும் அளவில், ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும் வலிமையில், நூற்றுக்கணக்கில் உதிரியாக விற்பதை நம் ஊரிலும் தடுக்கவே வேண்டும்.

வீட்டில் குழந்தை காந்தக் குண்டை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், வாழைப்பழம் கொடுத்துத் தானாக வெளியேறட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வலியே இல்லாமல் இருக்கலாம். சாதாரண வயிற்று உபாதை போலவும் தொடங்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய், விழுங்கியது காந்தம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் ஒட்டிக்கொண்ட இரண்டு குண்டுகள் ஒன்றுபோலத் தெரியக்கூடும். வேறு கோணத்திலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.