இதய அறுவை முடிந்த குழந்தை: எந்தச் சிக்கல் எப்போது வரும்?

அறுவை அரங்கிலிருந்து மருத்துவர் வெளியே வந்து “நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில மணி நேரம் கழித்து ஐ.சி.யு.வுக்குள் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டும்போது பல அம்மாக்கள் அங்கேயே உடைந்துபோகிறார்கள். முகம் வீங்கி, இமைகள் உப்பி, வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்தில் மருந்து ஏறும் குழாய், நெஞ்சுக்குக் கீழே ஒன்றோ இரண்டோ டிரெய்ன் எனும் வடிகுழாய். காலையில் நாம் கொடுத்தனுப்பிய குழந்தையா இது என்று திகைப்பு வரும்.

அந்த வீக்கம் மருத்துவர்கள் எதிர்பார்த்ததுதான். இதயத்தைத் திறந்து வேலை பார்க்கும்போது அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் பைபாஸ் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. ரத்தம் முழுக்கப் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் சுற்றி வருவதால் உடல் அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு கொந்தளிக்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நீர் திசுக்களில் சேர்கிறது. உடல் சிறியதாக இருக்க இருக்க வீக்கம் அதிகம். சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று நாளில் அதை வடிய விடுவார்கள்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று பிழைத்து வீடு திரும்புகிறார்கள்; வளர்ந்த நாடுகளின் பெரிய மையங்களில் இறப்பு சுமார் 3 சதவீதம். ஆகவே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது பிழைப்பானா என்பதோடு முடியவில்லை. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் நேரம் பார்த்தே வருகின்றன. முதல் இரவுக்கு உரியது வேறு, மூன்றாம் வாரத்துக்கு உரியது வேறு, இருபதாம் வயதுக்கு உரியது வேறு. இந்தக் கணக்கு தெரியாததால்தான் முதல் நாள் வீக்கத்துக்குக் கலங்கிப்போகிற குடும்பம், மூன்றாம் வாரக் காய்ச்சலுக்குப் பக்கத்து மெடிக்கலில் சிரப் வாங்கி ஊற்றுகிறது.

முதல் இரவு

அறுவை முடித்துக் கொண்டுவந்தவுடன் இருப்பதைவிட, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இதயம் இன்னும் தளர்ந்துபோகும். பொட்டாசியம் மிகுந்த திரவம் செலுத்தி நிறுத்திவைத்திருந்த தசை அது. மறுபடி ஓடத் தொடங்கினாலும் பழைய பலம் வர நேரமாகும். 1995-ல் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்து, அவற்றை மாற்றிப் பொருத்தும் அறுவை செய்துகொண்ட பச்சிளங்குழந்தைகளைப் பற்றியது. அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் இரவில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தது. இப்போது மில்ரினோன் போன்ற மருந்துகளை முன்கூட்டியே ஓடவிட்டு இந்தச் சரிவைச் சமாளிக்கிறார்கள்.

அந்த இரவில் நர்ஸ் எதைப் பார்க்கிறார் என்று கவனித்தால் விஷயம் புரியும். மானிட்டர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவர் கை குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும். பாதம் சில்லிட்டிருந்தால் ரத்தம் அதுவரை போய்ச் சேரவில்லை. பிறகு சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்ப்பார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லியாவது வர வேண்டும்; ஐந்து கிலோ குழந்தைக்கு அது ஒரு டீஸ்பூன் அளவுதான். அந்த ஒரு டீஸ்பூன் வராவிட்டால் டாக்டரை எழுப்புவார்கள். டிரெய்ன் பாட்டிலில் மணிக்கு மணி கோடு போட்டு ரத்தத்தின் அளவைக் குறிப்பார்கள். ரத்தம் அதிகமாக வந்தால் கவலை என்பது எல்லோருக்கும் தெரியும். வந்துகொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றாலும் கவலைதான். குழாய் அடைத்து, வெளியேற வேண்டிய ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை அமுக்கிவிடலாம்.

பச்சிளங்குழந்தைகளில் சிலருக்கு நெஞ்சை மூடாமலே கொண்டுவருவார்கள். வீங்கிய இதயத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக நெஞ்செலும்பைச் சேர்க்காமல், மேலே ஒரு மெல்லிய படலத்தை மட்டும் ஒட்டி, வீக்கம் வடிந்த பின் மூடுவது. கேட்கவே பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இது அறுவை தோற்றதற்கான அடையாளம் இல்லை. பல மையங்களில் திட்டமிட்டே செய்கிறார்கள்.

வயிற்றின் மேல்பகுதித் தோலிலிருந்து மெல்லிய கம்பிகள் வெளியே வந்து ஒரு சிறு பெட்டிக்குப் போவதைப் பார்க்கலாம். தற்காலிக பேஸ்மேக்கர். கீழறைச் சுவரின் ஓட்டையை அடைக்கும்போது, இதயத்தின் மின்பாதை அந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே போவதால், பக்கத்தில் தையல் விழுந்தாலும் வீக்கம் வந்தாலும் துடிப்பு தடைபடும். பெரும்பாலும் சில நாளில் தானாகவே சரியாகும். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தும் திரும்பாவிட்டால்தான் நிரந்தர பேஸ்மேக்கர். நூற்றில் ஓரிரு குழந்தைகளுக்கு அது தேவைப்படலாம். இதற்கு எதிர்மாறாக, சில குழந்தைகளுக்கு முதல் ஒன்றிரண்டு நாளில் துடிப்பு தறிகெட்டு வேகமெடுக்கும். அதற்கு ஒரு வைத்தியம் உடம்பைக் குளிர வைப்பது. “புள்ளைக்குக் குளிருதே, ஒரு போர்வை போடக் கூடாதா?” என்று கேட்கும் பாட்டிக்கு நர்ஸ் மறுப்பது இரக்கமில்லாமல் அல்ல.

பால் குடிக்கத் தொடங்கிய பிறகு

வென்டிலேட்டரை எடுத்து, பால் கொடுத்து, எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில் வரும் ஒரு சிக்கல் உண்டு. அதுவரை தெளிவாக வந்துகொண்டிருந்த டிரெய்ன் நீர், பால் குடித்த பிறகு வெள்ளை வெளேரென்று மாறும். குடித்த பால் நெஞ்சில் கசிகிறதோ என்று பதறுவார்கள். கிட்டத்தட்ட உண்மைதான்: உணவிலிருக்கும் கொழுப்பைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய் நெஞ்சின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அறுவையின்போது அதிலோ அதன் கிளைகளிலோ காயம் பட்டிருந்தாலும், அந்தப் பக்க ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தாலும் கொழுப்பு நீர் நுரையீரலைச் சுற்றிக் கசியும். பட்டினி கிடக்கும்வரை தெரியாது. கொழுப்பு உள்ளே போனதும் தெரிந்துவிடும்.

இதற்கு மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிய தேவை அபூர்வம். கொழுப்பை நிறுத்திப் பார்ப்பதே முதல் வைத்தியம். நிணநீரைத் தொடாமல் நேரே ரத்தத்தில் சேரும் எம்.சி.டி. வகைக் கொழுப்பு உள்ள பால்மாவு சில வாரங்களுக்குக் கொடுப்பார்கள். தாய்ப்பாலை அடியோடு விட வேண்டும் என்றும் இல்லை. பீய்ச்சிய பாலைச் சுழற்றியோ குளிரவைத்தோ மேலே திரளும் ஆடையை நீக்கிக் கொடுக்கும் முறை சில மருத்துவமனைகளில் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இந்தக் கசிவில் புரதமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் போய்விடுவதால் குழந்தை மெலியும், தொற்று எளிதில் பிடிக்கும். “இன்னும் ரெண்டு வாரம் இருங்க” என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுதான்.

அழுகை கம்மிப்போய் வருவது இன்னொன்று. குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் அறுவை நடந்திருந்தால் குரல்நாண் செயல் இழக்கலாம். குரலை விட முக்கியம், பால் புரையேறுவது. குடிக்கும்போது இருமினால், மூச்சு கரகரத்தால், கையோடு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

எளிய ஓட்டை என்றால் ஒரு வாரத்துக்குள்ளேயே டிஸ்சார்ஜ் ஆகிவிடுவது உண்டு. இனி பொறுப்பு வீட்டாருடையது. என் பார்வையில் நம் ஊர்க் குழந்தைகளுக்கு உண்மையான ஆபத்துக் காலம் இங்கேதான் தொடங்குகிறது, அதுவும் அன்பின் பெயரால்.

கம்பி போட்டுச் சேர்த்த நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தலை, தோளுக்கு அடியிலும் மறு கை பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகை நீவி, கையைப் பிடித்து இழுத்துக் குளிப்பாட்டுவது அதுவரை வேண்டாம். துணி நனைத்துத் துடைத்தால் போதும். தையல் மேல் மஞ்சளோ திருநீறோ எண்ணெயோ படக் கூடாது. சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது ‘உரம்’ எடுப்பது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழந்தை ஓயாமல் அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, லேசாகக் காய்ச்சல். வீட்டில் பெரியவர்கள் உரம் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, சேலையில் கிடத்தி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டுகிறார்கள். கூடாத எலும்புக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, அந்த அழுகைக்கு வேறொரு காரணம் இருக்கலாம். அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள், திறந்து மூடிய இதய உறையில் அழற்சி உண்டாகி நீர் சேர்வது பழக்கமான சிக்கல். எளிய ஓட்டையை அடைத்துக்கொண்டு நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்கும் வரும். காய்ச்சல், நெஞ்சுவலி, வாந்தி, சோர்வு. சொல்லத் தெரியாத குழந்தைக்கு வெறும் சிணுங்கல். எக்கோ எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கும். விட்டுவிட்டால் நீர் பெருகி இதயத்தை அமுக்கும். முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அறுவை செய்த இடத்துக்கு ஒரு போன் போடாமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், காயத்தில் சீழ் வந்தால் போன்கூட வேண்டாம்; 108-தான்.

தடுப்பூசி அட்டையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவையில் ரத்தம் ஏற்றியிருந்தால், அதிலிருக்கும் எதிர்ப்பொருள்கள் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பயனற்றதாக்கிவிடலாம் என்பதால் ஆறேழு மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள். கிராமத்து நர்ஸுக்கு இது தெரிய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும்.

குலதெய்வத்துக்கு மொட்டையும் காதுகுத்தும் நேர்ந்துகொள்ளாத குடும்பம் குறைவு. மொட்டைக்குப் புது பிளேடு போதும். காதுகுத்தை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். இதயத்துக்குள் வைத்த ஒட்டுத்துணியின் மேல் இதயத்தின் உள்தோல் படர்ந்து மூட அவ்வளவு காலம் ஆகும். அதுவரை ரத்தத்தில் நுழையும் கிருமி அங்கே போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சொத்தைப் பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் தேவைப்படும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு இது ஆயுள் முழுக்க.

எடை ஏறத் தொடங்குவதுதான் தேறுவதன் முதல் அடையாளம். முன்பு பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிய குழந்தை இப்போது முழுதாகக் குடிக்கும். உடம்பு இப்படித் தேறும்போது மனம் பின்தங்குவதும் உண்டு: இரவில் அலறி எழுவது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்புவது, வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஓடுவது. சில வாரங்களில் தணியும். கைக்குழந்தையாக இருந்தபோது சிக்கலான அறுவை நடந்தவர்களுக்குப் பேச்சிலும் கவனத்திலும் படிப்பிலும் தாமதம் வரக்கூடும் என்பதால், வளர்ச்சியைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் வழிகாட்டியது. நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது. இதயத்துக்கு ஓடி ஓடி வந்தவர்கள் இதற்கு வருவதில்லை.

ஓட்டை அடைத்தாயிற்று, அப்புறம் என்ன?

பலரும் இந்த இடத்தில் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். சாதாரண ஓட்டைக்கு அது பெரிய பிழையாகாமல் போகலாம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற, உடம்பு நீலம் பாயும் குறைக்கு அப்படி இல்லை. 1954-ல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை அதை முதன்முதலாக முழுமையாகச் சரிசெய்தார். அப்படிப் பிழைத்த தலைமுறை வளர்ந்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. நுரையீரலுக்குப் போகும் குறுகிய வாசலை அகலப்படுத்தும்போது அங்குள்ள வால்வு மூடும் திறனை இழக்கிறது. ரத்தம் திரும்பிக் கசிந்து, வருடக்கணக்கில் வலது கீழறையை வீங்கவைக்கிறது. பிள்ளை ஓடும், விளையாடும், கல்லூரிக்குப் போகும், எதுவும் தெரியாது. மூச்சு வாங்கத் தொடங்கும்போது வால்வு மாற்றக் காலம் தாண்டியிருக்கலாம். அதனால்தான் ஆண்டுக்கொரு எக்கோ. அறுவைச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் தாங்கிக்கொள்கிறது; சென்னைக்கு வந்துபோகும் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் தாங்க ஆளில்லை. குடும்பங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். வரன் பார்க்கும்போது நெஞ்சுத் தழும்பை மறைத்து, அறுவை நடந்ததையே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பமானதும் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் தெரிவதில்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடும். கசியும் வால்வோடு அந்தச் சுமையை இழுக்கும் இதயம் எதுவரை தாங்கும் என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். சரிசெய்த இதயத்தோடு பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். கருத்தரிப்பதற்கு முன் ஒரு எக்கோ, பழைய அறுவைக் குறிப்பின் நகல், கருவின் இதயத்தைப் பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், இவ்வளவும் தேவை. தாய்க்குப் பிறவி இதயக் குறை இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம்.