கானா நாட்டின் பருவங்களும் விழாக்களும்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைநகர் அக்ராவில், ஆண்டுதோறும் மே மாத வாக்கில் ஓர் அறிவிப்பு வெளியாகிறது. ஏறத்தாழ ஒரு மாத காலத்திற்கு நகரில் எவரும் முரசு கொட்டலாகாது, பேரொலி எழுப்பலாகாது என்பது அதன் சாரம். அதை மாநகராட்சி முறைப்படி அறிவித்தாலும், அவ்வழக்கத்தை வகுத்தவர்கள் அந்நிலத்தின் பழங்குடியினரான கா இன மக்களின் பூசாரிகளே. தானியத்தை விதைத்த பின் நிலம் அமைதியில் இருக்க வேண்டும் என்பது அவர்களது நம்பிக்கை. இவ்வமைதியின் பொருளை உணர, முதலில் அந்நாட்டின் மழையை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று நம் நாட்டினருக்குப் புதியதன்று. கானாவுக்கும் மழையைக் கொணர்வது தென்மேற்குக் காற்றேயாகும்; ஆயின் அது கினி வளைகுடாவிலிருந்து வீசுவது. அதற்கு எதிராக, சகாராப் பாலையிலிருந்து ஹர்மட்டான் எனப்படும் வறண்ட வடகிழக்குக் காற்று வீசுகிறது. இவ்விரு காற்றுகளும் சந்திக்கும் எல்லை, கதிரவனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்கிறது. ஜனவரியில் அவ்வெல்லை கடற்கரையை நெருங்குகிறது. அப்போது நாடு முழுவதும் புழுதி மூட்டம் படர்கிறது, உதடுகள் வெடிக்கின்றன, சில நாட்களில் விமானங்களும் தாமதமாகின்றன. ஆகஸ்டில் அவ்வெல்லை சகாராவின் தென் விளிம்பு வரை சென்றுவிடுகிறது.

இதன் விளைவாக நாட்டின் வட பகுதிக்கு ஆண்டில் ஒரே மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை. தென் பகுதிக்கோ இரண்டு. மார்ச் அல்லது ஏப்ரலில் தொடங்கும் பெருமழை ஜூனில் உச்சத்தை அடைந்து ஜூலையில் தணிகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சிறுமழை. இடையே ஆகஸ்டில் வானம் மூடியிருந்தும் மழை பெய்வதில்லை. அளவிலும் வேறுபாடு பெரிது. தென்மேற்கு மூலையிலுள்ள ஆக்சிமில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அதே கடற்கரையில் அமைந்த அக்ராவில் 800 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. அக்ராவை ஒட்டிய கரைக்கு ஏறக்குறைய இணையாகவே காற்று வீசுவது இதற்கு ஒரு காரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுந்து வருவது மற்றொரு காரணம். அக்குளிர்நீர் மழையைத் தடுப்பினும் மீனுக்கு வேண்டிய ஊட்டத்தைக் கொணர்கிறது. மத்தி இன மீன்கள் கரையை நெருங்கும் காலம் அதுவே.

தென் கானாவின் உழவனுக்கு மே, ஜூன் மாதங்கள் கடினமானவை. சென்ற ஆண்டின் தானியம் தீரும் நிலையில் இருக்கும். ஏப்ரலில் விதைத்த மக்காச்சோளமோ பச்சையாக நிற்கும். மழை நிறைந்த மாதங்களே பசி நிறைந்த மாதங்களாகவும் அமைவது வெப்பமண்டல வேளாண்மையின் முரண்பாடுகளுள் ஒன்று. முரசொலிக்குத் தடை விதிக்கப்படுவது இம்மாதங்களிலேதான். ஆகஸ்டில் நிலை மாறுகிறது. மக்காச்சோளம் முற்றுகிறது, கடலில் மீன் மிகுகிறது. கா மக்களின் பெருவிழாவான ஹோமோவோ அப்போது நடைபெறுகிறது. 'பசியை எள்ளி நகைத்தல்' என்பது அச்சொல்லின் பொருள். முன்னொரு காலத்தில் கடும் பஞ்சத்தில் உழன்ற தம் முன்னோர், விளைச்சல் மிகுந்தபோது பசியைக் கேலி செய்து கொண்டாடினர் என்று அவர்கள் கூறுவர்.

விழாவுக்கு முந்திய வியாழனன்று, சுற்றுப்புறச் சிற்றூர்களில் பயிரிடச் சென்றோர் விளைபொருட்களுடன் தாய் வீடு திரும்புவர். இதனால் அவர்களுக்கு 'வியாழக்கிழமை மக்கள்' என்றே பெயர். விழா நாளில், புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த மக்காச்சோள மாவில் செம்பனை எண்ணெய் கலந்து, க்போக்போய் என்னும் உணவு தயாரிக்கப்படுகிறது. மீன் இட்ட செம்பனைக் குழம்பு அதற்குத் துணை. குடும்பத் தலைவர் முதலில் முன்னோருக்கென அதை வாயிலில் தூவிய பின்னரே ஏனையோர் உண்பர். ஆண்டில் இறந்தோரை எண்ணி அழுவதும், பிணங்கியோர் சமாதானம் செய்துகொள்வதும் இவ்விழாவின் கூறுகளே.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உண்பது மக்காச்சோளமாயினும், மே மாதத்தில் பூசாரிகள் சடங்காக விதைப்பது சிறுதானியமே. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகைக்குப் பின் வந்த பயிர். பழைய உணவின் நினைவைச் சடங்கு பேணி வருகிறது எனக் கருத இடமுண்டு.

காட்டுப் பகுதியிலும் வோல்டா வட்டாரத்திலும் இதே பணியைச் செய்வது யாம் என்னும் பெருவள்ளிக் கிழங்கு. புதுக்கிழங்கை முன்னோருக்கும் தெய்வங்களுக்கும் படைப்பதற்கு முன் உண்ணலாகாது என்பது பல ஊர்களின் விதி. ஹோ நகரில் செப்டம்பரில் நிகழும் விழாவும், அக்குவாப்பெம் மலைப்பகுதியின் ஒட்விரா விழாவும் இவ்வகையின. ஒட்விராவுக்கு முன் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அங்கும் முரசொலிக்குத் தடையுண்டு. முற்றாத கிழங்கில் நீர் மிகுதி. அது சேமிப்பில் நிலைக்காது. ஆதலின் இத்தடையைச் சமயக் கட்டுப்பாடாக மட்டும் கொள்வது பொருந்தாது என்பது என் கருத்து.

எல்லா விழாக்களும் மழையைப் பின்பற்றுவதில்லை. வட பகுதியில் தகோம்பா மக்கள் கொண்டாடும் டாம்பா விழா இசுலாமியச் சந்திர நாட்காட்டியைத் தழுவியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்வதால், சுமார் 33 ஆண்டுகளில் அது எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். எனினும் சண்டேமாவில் புல்சா மக்களின் ஃபியோக் விழா அறுவடைக்குப் பின் டிசம்பரில்தான் வரும். அடிமை வேட்டையாடிய பாபாட்டுவைத் தம் முன்னோர் முறியடித்த வரலாறும் அதில் நினைவுகூரப்படுகிறது.

மழை பொய்த்தால் விழாவின் பொருள் என்னாகும் என்பதை 1983-ஆம் ஆண்டு காட்டியது. வறட்சியோடு காட்டுத் தீயும் சேர்ந்து கொக்கோத் தோட்டங்களை அழித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியா வெளியேற்றிய ஏறத்தாழ பத்து இலட்சம் கானா நாட்டவர் தாயகம் திரும்பினர். பட்டினியால் துருத்திய கழுத்தெலும்பை, அன்றைய ஆட்சித் தலைவரின் பெயரால் 'ராலிங்ஸ் சங்கிலி' என மக்கள் அழைத்தனர். 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோசோம்போ அணையின் நீர்மட்டம் வீழ்ந்து மின்சாரமும் குறைந்தது. மாறாக 2023 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதே அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட மிகைநீர், கீழ் வோல்டாப் பகுதியில் பல்லாயிரவரை வீடிழக்கச் செய்தது.

நகர வளர்ச்சியும் பழைய ஒழுங்குக்குச் சோதனையாயிற்று. அக்ராவில் பிற இனத்தவரும் பிற சமயத்தவரும் பெருகிய பின், முரசொலித் தடை யாரைக் கட்டுப்படுத்தும் என்ற வினா எழுந்தது. 1990-களின் இறுதியில் இதை ஒட்டித் தேவாலயங்கள் தாக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. நகரவாசிக்கு உணவு சந்தையிலிருந்து வருவது. விதைப்பின் அமைதி அவருக்கு எளிதில் விளங்குவதில்லை.

கடற்கரையிலோ இவ்வினா வேறு வடிவம் பெற்றுள்ளது. எல்மினாவில் ஜூலை முதல் செவ்வாயன்று பகாட்டுவே விழா நடைபெறும். பென்யா உப்பங்கழியில் சில வாரங்கள் மீன்பிடிப்பை நிறுத்திவைத்து, அன்று மும்முறை வலை வீசி மீண்டும் தொடங்குவர். அவ்வலையில் சிக்கும் மீனைக் கொண்டு பருவத்தின் வளத்தைக் கணிப்பர். செவ்வாய்க்கிழமைகளில் கடலுக்குச் செல்லாதிருப்பதும் இக்கரையின் பழைய வழக்கம். ஆயினும், பெருகிய படகுகளுக்கும் இழுவைக் கப்பல்களுக்கும் இவ்விதிகள் ஈடுகொடுக்கவில்லை. மத்தி மீன்வளம் 1990-களுக்குப் பின் பெரிதும் சரிந்தது. ஆகவே 2019-இல் அரசே படகு மீனவர்களுக்கும் ஒரு மாதத் தடைக்காலத்தை விதித்தது. பின்னர் அது ஜூலை மாதத்திற்கு மாற்றப்பட்டது. ஊர் வழக்கப்படி உப்பங்கழி திறக்கப்படும் மாதத்தில் சட்டப்படி கடல் மூடப்பட்டது. பழகிய கட்டுப்பாடு பூசாரியின் சொல்லால் வந்தது. புதியது அமைச்சகத்தின் ஆணையால் வந்தது. மீன் மிகும் காலத்தின் வாயிலிலேயே வருவாயை இழந்த மீனவக் குடும்பங்கள் முறையிட்டன. 2025-இல் படகு மீனவர்களுக்கு அத்தடையிலிருந்து விலக்களிக்கப்பட்டது.