வாப்பாவின் மொரிஸ் மைனர்

வாப்பா மௌத்தான பின் ஷெட்டில் பூட்டி வைத்த மொரிஸ் மைனர் கார் இன்னும் நமது ஊர்களில் சில வீடுகளில் இருக்கின்றது. பத்து வருடங்கள் கழித்து மகனுக்கு அதன்மீது ஆசை பிறக்கிறது. புது பெட்டரி பூட்டி, பெட்ரோல் ஊற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் வீடே மகிழ்கிறது. "தங்கச்சியின் கலியாணத்துக்கு இதிலேயே போவோம்" என்ற பேச்சும் எழுகிறது. பிள்ளைகளுடன் பின் ஆசனத்தில் அமரப்போகும் தாய்மார் அந்நேரம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பிரேக்கைக் கழற்றிப் பார்த்தாயா, மகன்?"

எஞ்சின் ஓடாத கார் வீட்டிலேயே நிற்கும்; அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரில் நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் ஒரே ஒயில் குழாய்த் தொடர்தான் இயக்குகிறது. இக்காலக் கார்களில் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மைனரிலோ ஓரிடத்தில் ஒழுகினாலும் மிதி அடிவரை போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

ஓட்டாமல் வைத்திருந்த பிரேக் தேயாதே என்பர். தேயாது, கெட்டுப்போகும். பிரேக் ஒயில், மூடாமல் வைத்த உப்பைப் போல, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். புதிய டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 ஆகத் தாழ்ந்துவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் மிதித்து மிதித்து இறங்கும்போது ஒயில் கொதித்து ஆவியானால், கால் பஞ்சை மிதித்தது போலிருக்கும்.

ரப்பர் ஹோஸ்கள் இன்னும் பொல்லாதவை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வெளியே புதிது போலத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் ஒயில் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் இறுகிச் சூடேறும். இவற்றைப் பார்த்துத் திருப்திப்படாமல் மாற்றிவிடுவதே நல்லது.

முன் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு, பின் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று என ஆறு வீல் சிலிண்டர்கள் உண்டு. ஆறையும் கழற்ற வேண்டும். உட்சுவரில் குழி விழுந்திருந்தால் வொஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை. இவற்றுக்கெல்லாம் ஒயில் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்றுவது பெரும் பாடு. ஆகவே சில பாஸ்மார், "அது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி விட்டுவிடுவர். அந்தச் சொல்லை ஏற்காதீர்கள்.

எங்கள் உறவினர் ஒருவரின் காரில், பாகங்களை பெட்ரோலில் கழுவி அப்படியே பூட்டிவிட்டார்கள். சில நாட்களில் ரப்பர்கள் ஊதி, நடுவீதியில் கார் இறுகி நின்றது. பிரேக் ரப்பருக்கு பெட்ரோலும் ஆகாது, எஞ்சின் ஒயிலும் ஆகாது. புது பிரேக் ஒயிலையே தடவிப் பூட்ட வேண்டும்.

ட்ரம்மைத் திறக்கும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டி எறிய வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுவதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூடுவார். மிதிக்கும் வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்ணுக்கே வந்து சேர்கிறது. அவர் "மூடிவிட்டேன்" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போகும். தூரத்திலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, மாஸ்டர் சிலிண்டருக்கு அண்மையிலுள்ள முன் வலது சக்கரத்தில் முடிக்க வேண்டும். மிதி உயரத்திலேயே கல்லைப் போல நிற்க வேண்டும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. காரை முற்றத்தைத் தாண்ட விடாதீர்கள்.