பழைய கன்டெய்னரில் வாடகை வீடு: தாம்பரம் பக்கம் சரிப்பட்டு வருமா?

தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடும் நம் குடும்பங்களுக்கு இரட்டைச் சுமை. வாடகையும் அட்வான்ஸும் ஒரு பக்கம். பெயரைக் கேட்டதும், "வேறொருத்தருக்குப் பேசி முடிச்சிட்டோமே" என்று வரும் பதில் இன்னொரு பக்கம். ஆகவேதான் ஜமாஅத்தோ அறக்கட்டளையோ சொந்தமாக வாடகை வீடுகளை அமைத்தால் என்ன என்ற கேள்வி எழுகிறது. செலவைக் குறைக்க, பயன்படுத்திய கன்டெய்னர்களையும் கட்டுமான இடங்களில் கழற்றப்படும் போர்ட்டா கேபின்களையும் வாங்கி வீடாக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்து வரும் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆயத்தக் கட்டுமானம் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியது அல்ல. நமக்குப் பக்கத்திலேயே பெரும்பாக்கத்தில், மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 1,152 வீடுகள் கட்டப்பட்டன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல். 2022 மே 26 அன்று திறப்பு. தூண், உத்தரம், தளம் எல்லாவற்றையும் தனியே வார்த்துக் கொண்டுவந்து, கிரேன் மூலம் தூக்கி நிறுத்திப் பொருத்தினார்கள். செலவு சுமார் 116 கோடி ரூபாய், அதாவது வீட்டுக்குப் பத்து லட்சம் அளவில். வேகம் உண்டு, உறுதியும் உண்டு. ஆனால் இணைப்புகளில் காரை ஊற்றி இறுக்கிய பிறகு அது நிரந்தரக் கட்டிடம். பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது.

நாம் இங்கே பேசுவது வேறு வகை: இரும்புச் சட்டம் கொண்ட பெட்டி. லாரியில் ஏற்றலாம், இறக்கலாம், பத்து வருடம் கழித்து மீண்டும் ஏற்றலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களுக்கு உடனடி வீடு என்ற எண்ணத்தில் ஐஐடி மெட்ராஸில் உருவான 'மாட்யூலஸ் ஹவுசிங்' நிறுவனம் இந்த வழியில் வந்ததுதான். மடித்து எடுத்துச் செல்லக்கூடிய அதன் மருத்துவமனை அறைகள் 2020இல் கொரோனா காலத்தில் வயநாட்டில் நிறுவப்பட்டன.

மறுபயன்பாட்டுக்குப் பெரிய உதாரணம் கத்தார். 2022 உலகக் கோப்பைக்கு வந்த ரசிகர்கள் தங்கியவை உள்ளிட்ட 10,000 கேபின்களையும் கேரவன்களையும் துருக்கி, சிரியா நிலநடுக்கப் பகுதிகளுக்கு அனுப்புவதாக அந்நாடு 2023 பிப்ரவரியில் அறிவித்தது. முதல் கட்டமாக சில நூறு கேபின்கள் அந்த மாதமே கப்பலேறின. கொண்டாட்டத்துக்கு வாங்கியது வீடிழந்தவர்களுக்குக் கூரையானது. நம் பக்கமும் ஓ.எம்.ஆர். சாலை நெடுக மெட்ரோ வேலை நடக்கிறது. வேலை முடிய முடிய அலுவலகக் கேபின்களும் தொழிலாளர் கேபின்களும் கழற்றப்படத்தான் செய்யும்.

சரி, ஒரு கன்டெய்னரில் ஒரு குடும்பம் இருக்க முடியுமா? டேப்பை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். 20 அடிப் பெட்டியின் உட்புறம் ஏறக்குறைய 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட 150 சதுர அடி. உயரம் 2.39 மீட்டர்தான். தேசிய கட்டிட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குப் பொதுவாகக் கேட்பது 2.75 மீட்டர் உயரமும் 2.4 மீட்டர் அகலமும். இரண்டிலும் பெட்டி தோற்கிறது. உயரம் கூடிய 'ஹைகியூப்' வகையில்கூட உள்ளே 2.69 மீட்டர்தான். வெப்பத்தைத் தடுக்க உள்சுவரில் பலகை அடித்தால் அகலம் இன்னும் சுருங்கும்.

இரண்டு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து நடுச்சுவரை வெட்டினால் சுமார் 300 சதுர அடி வரும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஓரளவு புழங்கலாம். ஆனால் கன்டெய்னர் அடுக்கப்படும்போது பாரத்தைத் தாங்குவது அதன் நான்கு மூலைத் தூண்கள். நெளிவுத் தகடுதான் பெட்டியை விறைப்பாக வைத்திருக்கிறது. அதை வெட்டினால், அந்த இடத்தில் இரும்பு உத்தரம் கொடுத்தே தீர வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் "ஒண்ணும் ஆகாது பாய்" என்பார். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, கப்பல் கன்டெய்னரின் மரத்தளத்தில் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் பதித்திருக்கும் உலோகத் தகட்டில் அந்த விவரம் இருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பலகையை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது வெயில். அதைச் சரியாகக் கையாளாவிட்டால் மற்றவை எல்லாம் வீண். மீனம்பாக்கத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். வெறும் இரும்புப் பெட்டி அந்த வெயிலில் அடுப்பாகிவிடும். வீட்டில் பகல் முழுக்க இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான். சுனாமிக்குப் பிறகு தார் அட்டைக் குடில்களில் தங்க வைக்கப்பட்டவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். பெட்டிக்கு மேல் காற்று புகும் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை, எதிரெதிர் ஜன்னல், சுவருக்குள் வெப்பத்தடுப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் குடும்பத்தைக் குடிவைக்க முடியாது. ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணமாகக் கட்டுவதில் என்ன லாபம்?

வெப்பத்தடுப்பிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மலிவான கேபின்களின் சுவருக்குள் இருப்பது தெர்மோகோல் அல்லது பியூஎஃப் நுரை. தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் நம் தமிழ்ச் சகோதரர்களும் உண்டு. அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருளை வைத்திருந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. கல்நார் அல்ல, 'ராக்வூல்' எனப்படும் பாறைப்பஞ்சு எரியாது. விலை கூடுதல்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாவது வெளிவழியும் வேண்டும்.

இத்தனையும் செய்தபின் கணக்குப் போட்டால், பெட்டி வீடு செங்கல் வீட்டைவிட மிக மலிவு என்று சொல்ல முடியாது. பிறகு எதற்கு இது? விடை நிலத்தில் இருக்கிறது.

தாம்பரம் பக்கம் வாடகையை ஏற்றிவிடுவது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமல்ல, மனை விலையும்தான். மனையைக் காசு கொடுத்து வாங்கி அதன்மேல் பெட்டியை வைத்தால் வாடகை குறையவே குறையாது. விற்க முடியாத, ஆனால் சும்மா கிடக்கும் நிலத்தில் வைத்தால் குறையும். வக்ஃபு நிலம் அப்படிப்பட்டது. அதை விற்கவோ அடமானம் வைக்கவோ சட்டம் இடம் தரவில்லை. வாரியத்தின் அனுமதியோடு, காலவரையறைக்கு உட்பட்டுக் குத்தகைக்கு விடலாம். பள்ளிவாசல், தர்கா, கப்ருஸ்தான் இடங்கள் இதில் சேராது. குத்தகை முடிந்ததும் நிலத்தைக் காலியாகத் திருப்பித் தரவேண்டிய இடத்தில், இடிக்காமல் தூக்கிச் செல்லக்கூடிய வீடு கச்சிதமாகப் பொருந்துகிறது. நிலம் வக்ஃபின் கையைவிட்டுப் போகாது, பெட்டிகளும் வீணாகாது. (இதற்கு ஜகாத் பணத்தைப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் அமைத்து 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியும் இதே பாடத்தைத்தான் தருகிறது. நிலம் அரசுத் துறையுடையது என்பதால்தான் அது சாத்தியமானது. ஆனால் அது தொழிற்சாலைப் பெண்களுக்கானது. பிள்ளைகுட்டியோடு இருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று அங்கே இல்லை.

நிலத்தைத் தேர்வு செய்யும்போது 2015ஐ மறக்க வேண்டாம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. தாழ்வான இடத்தில் வைத்த இரும்புப் பெட்டி அடியிலிருந்து துருப்பிடிக்கும். சரியாகப் பிணைக்காவிட்டால் வெள்ளத்தில் நகரவும் செய்யும். உயர்த்திய கான்கிரீட் மேடையும் நங்கூரமும் கட்டாயம். கழிவுநீர் இணைப்பு இல்லாத மனையில் செப்டிக் டேங்க் செலவும் சேரும்.

"பெட்டிதானே, அனுமதி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டம் கட்டிடம் என்று சொல்லும்போது செங்கல், மண், மரம், உலோகம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. திட்ட அனுமதியில்லாமல் வைத்தால் மாநகராட்சி நோட்டீஸ் வரும். அதன் விளைவு குடியிருப்பவரின் தலையில்தான் விழும்.

குடிவருவோரின் பாதுகாப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் பொதுவாகச் சொல்வதுபோல ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மிகாமல் இருக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரில், ஒரு ஜமாஅத் இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே இளம் தம்பதியருக்குப் பெரிய ஆறுதல். அதோடு குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அப்போது பெட்டிகள் எங்கே போகும், அதில் இருக்கும் குடும்பங்களுக்கு எத்தனை மாதம் முன்பே சொல்லப்படும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.